அண்ணி கேட்ட பச்சையும் கனகாம்பரமும்

சாயக்காரர் வீட்டுச் சுவரிலேயே சாயம் போய்விட்டது.

பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் தெரு முழுக்க இதுதான் பேச்சு. குழாயடியில் இது. பால் ஊற்றுகிற இடத்தில் இது. தறியில் உட்கார்ந்தபடியே எதிர்வீட்டுக்காரரோடு சத்தமாகப் பேசுகிறவர்கள் வாயிலும் இதுதான்.

அந்தச் சாயக்காரர் என் அப்பா. அந்தச் சுவர் எங்கள் சுவர்.

சிரித்துவிட்டே படியுங்கள், பரவாயில்லை. நானும் இப்போது சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்று காலை மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. முக்கியமாக, என் அண்ணிக்கு. பத்திரிகையில் இந்த வாரம் என் பக்கம் அவருக்காகத்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்களை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்களைத் தெரியுமா? ஒரு நல்ல புடவையைப் பார்த்தால் 'எந்தக் கடை?' என்று கேட்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 'யார் நெய்தது?' என்று கேட்பார்கள். 'யார் தோய்த்தது?' என்று கேட்ட ஒருவரை நான் இனிமேல்தான் பார்க்கவேண்டும்.

நைனாவுக்கு — அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் — அதில் வருத்தம் எதுவும் கிடையாது. அவர் பெருமை ஒன்றே ஒன்று. 'நான் போட்ட சாயம் நிக்கும்.' புடவை கிழிந்து, கிழிந்ததைப் பாப்பாவுக்குப் பாவாடையாகத் தைத்து, அதுவும் நைந்து போன பிறகுகூட நிறம் அப்படியே இருக்கும் என்பார். கடைக்காரர்கள் அவரைத் தேடி வருவது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

இப்படி வண்ணத்திலேயே குளித்து வண்ணத்திலேயே எழுந்திருக்கிறவர் வீடு எப்படி இருக்கும்? வானவில் மாதிரி இருக்கும் என்று நினைப்பீர்கள்.

வெள்ளை! முன்கட்டு வெள்ளை, கூடம் வெள்ளை, அடுப்படி வெள்ளை. ஒவ்வொரு பொங்கலுக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதில் ஒரு சிட்டிகை நீலம் கலந்தால்கூட நைனாவுக்குப் பொறுக்காது. என்னோடு படித்த ஒருத்தி முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது, 'என்னப்பா இது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது' என்றாள்.

காரணம் உண்டு. தோய்த்துக் காய்ந்த நூலை, காலை வெளிச்சத்தில், வெள்ளைச் சுவர்மேல் வைத்துப் பார்த்தால்தான் நிறம் பொய் சொல்லாது. பக்கத்தில் சிவப்பு இருந்தால் மஞ்சள் நூலும் லேசாகச் சிவந்து தெரியும். அதை நம்பி அடுத்த தடவை தோய்த்தால் ஒரே புடவையில் இரண்டு மஞ்சள் வந்து நிற்கும். அதனால் சாயக்காரர் வீட்டுச் சுவருக்கு நிறம் கூடாது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து இது சட்டம்.

அந்தச் சட்டத்தில்தான் போன மாதம் அண்ணி கை வைத்தார்.

உண்மையில் ஆரம்பித்து வைத்தது நான்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் வம்சத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்று பேருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளக்கூடிய முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்! மார்கழியில் வேலை நிரந்தரமாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் அண்ணனுக்கு வேட்டி, நைனாவுக்கு ஒரு நல்ல கம்பளி, அண்ணன் மகள் செல்விக்குப் பாவாடை சட்டை என்று வாங்கினேன். அண்ணி மட்டும் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்கு விட மனசில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அம்மா தவறியபோது நான் எட்டாவது. அடுப்பு என் கைக்கு வந்தது. ஒன்பதாவதில் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் புகை. வீட்டுக்கு ஒரு பெண் வேண்டும் என்று அவசர அவசரமாக அண்ணனுக்குக் கல்யாணம் முடித்தார்கள். அண்ணிக்கு ஊர் ஐயம்பேட்டை. கல்யாணம் முடிந்த கையோடு உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து என் விஷயத்தைப் பேசினார்கள். இவள் படித்து என்ன ஆகப்போகிறது, வீட்டில் இரண்டு பெண்ணாக இருந்தால் சாயப்பட்டறை வேலையும் நடக்கும், என்று. நைனா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கதவோரமாக நின்றிருந்த புதுப்பெண் பேசினார். எங்கள் வீட்டில் அவர் சத்தமாகப் பேசின முதல் பேச்சு அது.

"அவ படிக்கட்டும். அடுப்ப நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். புதுப்பெண் சொல்லை உடனே தட்டக்கூடாது என்று எல்லோரும் சும்மா இருந்துவிட்டார்கள். அப்புறம் தட்டுவதற்கு மறந்துவிட்டார்கள். மூன்றாவதோடு படிப்பு நின்றுபோன அண்ணி, அன்று முதல் அடுப்பையும் பார்த்து, பட்டறையில் நூலும் அலசி, நான் விளக்கடியில் உட்கார்ந்தால் ரேடியோவையும் நிறுத்திவிட்டுப் போவார். டிரெயினிங்குக்கு ஊர்விட்டு ஊர் போனபோது ஒரு டப்பா முறுக்கோடு பஸ் ஏற்றிவிட்டதும் அவர்தான்.

இப்போது சொல்லுங்கள். இவரிடம் 'ஒன்றும் வேண்டாம்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

ஒருநாள் பின்கட்டில் மூங்கில் கழியில் நூல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டேன். புடவையா, வளையலா, அடுப்படிக்கு ஏதாவதா? கழியில் வரிசையாகத் தொங்கியவற்றை அண்ணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு சிட்டம் நூலைச் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். ஒன்று கிளிப்பச்சை. இன்னொன்று நாங்கள் கனகாம்பரம் என்று சொல்லுகிற நிறம். பட்டணத்தில் ஆரஞ்சு என்கிறார்களே, அது.

"சுவத்துக்கு இந்தக் கலரு வேணும்மா."

எனக்குப் புரியவில்லை. சுவருக்கா?

"நாளெல்லாம் கலரத்தான் அலசிக்கினு இருக்கேன். எல்லாம் யாரோ ஒரு பொண்ணு கல்யாணத்துக்குப் போயிடுது. ஒண்ணாவது நம்ம வூட்டுல தங்கட்டுமே."

கொடுக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உனக்கு என்ன வேண்டும் என்று பெரிய மனதோடு கேட்போம். பதில் மட்டும் நாம் ஏற்கெனவே மனதில் வைத்திருந்ததாக இருக்கவேண்டும்! நான் மனதில் வைத்திருந்தது ஒரு நைலக்ஸ் புடவை. அவர் கேட்டதோ தாத்தா காலத்துச் சட்டத்தை மாற்றும்படி.

நைனாவிடம் போய்ச் சொன்னேன். முடியாது என்றார். நான் பேசினேன். அவர் நூலை அலசினார். நான் இன்னும் பேசினேன். அவர் இன்னும் அலசினார். வகுப்பில் நாற்பது பேரை உட்காரவைக்கிற என் குரல் இந்த ஒரு மனிதரிடம் எடுபடவில்லை. கடைசியில் கேட்டேன்: நூல் பார்ப்பது முன்கட்டுச் சுவரில்தானே, கூடத்துச் சுவரில் எப்போது நைனா நூல் பார்த்தீர்கள்? முன்கட்டு வெள்ளையாகவே இருக்கட்டும், கூடத்தை அண்ணிக்குக் கொடுத்துவிடுங்கள்.

நைனா நிமிர்ந்து பார்த்தார்.

சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. கடையில் கலர்ப் பொட்டலம் வாங்கக்கூடாது.

"சாயக்காரன் வூட்டுக்குக் கடையிலேர்ந்து கலரா? தெருவுல தல காட்ட முடியுமா? நானே போட்டுத் தரேன்."

இங்கேதான் வந்தது வினை.

வேறு யாராக இருந்தாலும் பொட்டலத்தை வாங்கி, சுண்ணாம்பில் கரைத்து, அடித்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். இந்தத் தப்பைச் செய்ய ஒரு சாயக்காரர் வீட்டால்தான் முடியும்.

நைனா பட்டுக்குப் போடுகிற சாயத்தையே எடுத்தார். ஒரு தொட்டியில் சுண்ணாம்போடு பச்சை, இன்னொன்றில் சுண்ணாம்போடு கனகாம்பரம். அண்ணன் பக்கத்தில் நின்று கூடத்தை ஒரு புடவையாக்கித் திட்டம் போட்டுக்கொண்டிருந்தான். சுவர் பூராவும் பச்சை உடல். கீழே முழங்கால் உயரத்துக்குக் கனகாம்பரக் கரை. மேலே சின்னதாக இன்னொரு கரை. "நடுவுல மட்டும் வெள்ள விட்டுடாதீங்க நைனா. தேசியக் கொடின்னு சொல்லி, தெருவே வந்து சல்யூட் அடிச்சுட்டுப் போவும்" என்றான்.

கனகாம்பரத் தொட்டியைப் பார்த்தேன். அது கனகாம்பரமாக இல்லை. கொஞ்சம் செங்கல் பக்கம் சாய்ந்திருந்தது.

பட்டுக்குச் சாயம் ஏற்றும்போது நைனா தொட்டியில் புளிப்பு, அதாவது அமிலம், விடுவார். சுண்ணாம்பு அதற்கு நேர் எதிர், காரம். ஆறாம் வகுப்பில் லிட்மஸ் தாளை வைத்து நான் செய்துகாட்டுகிற பாடம்தான். சொன்னேன். நைனா என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஈர நூலைப் பார்த்துப் பயப்படுகிற புது வேலைக்காரர்களிடம் பேசுகிற மாதிரி, இதமாகத்தான் பேசினார். ஈரத்தில் தெரிவது நிறமே இல்லை, காய்ந்தால் சரியாகிவிடும் என்றார்.

நூலில் அது உண்மை. நூலை எத்தனையோ வருஷமாகப் பார்த்த கண் அது. சுவரைப் பார்த்ததில்லை.

அடித்தோம். அண்ணன் ஏணியில். நான் மேல்கரையில். அண்ணி கீழ்க்கரையில், சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைப் பிடித்துக்கொண்டு, கோடு ஒரு நூல் விலகாமல். செல்வி எல்லோர் காலிலும். சாயங்காலம் முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, கரை கொஞ்சம் அதிகமாகச் சிவந்திருந்ததே தவிர, கூடம் ஜொலித்தது. மழையில் நனைந்த வாழைத்தோட்டம் மாதிரி பச்சை. அண்ணி முகம் கழுவிக்கொண்டு வந்து, இன்னொரு தரம் பார்த்துவிட்டு, சாதம் வைக்கப் போனார்.

காலையில் எழுந்தால் பச்சையைக் காணோம்.

நிஜமாகவே காணோம். ராத்திரியோடு ராத்திரியாக எங்கேயோ போய்விட்டது. சுவரெல்லாம் ஒரு அழுக்கு வெளுப்பு, அங்கங்கே சாம்பல் திட்டு. கரையோ துருப்பிடித்த தகரம். புடவையாக இருந்தால் பாத்திரக்காரன்கூட வாங்கமாட்டான்.

நான் சொன்னேனே என்று சொல்லும் உரிமை எனக்கு முழுசாக இருந்தது. வாய்வரை வந்தது. அண்ணி முகத்தைப் பார்த்தேன். வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது.

அதற்குள் செல்வி வெளியே ஓடி, எங்க வூட்டுப் பச்ச காணாப்போச்சு என்று தெருவில் இருக்கிற எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டாள். நாலு வயதுக் குழந்தையை என்ன செய்வது? பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடியே வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"ஏண்டி டீச்சரம்மா, உங்க நைனா போட்ட சாயம் நிக்கும்னு சொல்லுவாரு... உக்காந்தே பூடுச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஆரத்தி கரைக்கறப்போ மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா என்னக்கா ஆவுது?" என்று கேட்டேன்.

"செவக்கும்."

"அப்போ மஞ்சள் போலியா?"

அக்கா யோசித்தார். குடத்தை இன்னொரு இடுப்புக்கு மாற்றினார்.

"சண்டைக்கு வந்தாக்கூடப் பாடம் நடத்துவியாடி நீ?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஜெயித்தேன். ஆனால் அவர் ஒருவரைத்தான் ஜெயித்தேன். தெருவில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு போகமுடியுமா?

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. தை முகூர்த்தத்துக்கான நூலை எடுத்துப்போக அன்றைக்குத்தான் பட்டுக்கடையிலிருந்து கணக்குப்பிள்ளை வருகிறார். அவர் உட்காருவது முன்கட்டில். அங்கிருந்து பார்த்தால் நேர் எதிரே கூடம். கதவும் கிடையாது, வெறும் நிலைதான். 'சாயக்காரர் வீட்டிலேயே சாயம் நிற்கவில்லை' என்று கடைவீதியில் ஒரு வார்த்தை போனால் போதும். சுண்ணாம்பாம், காரமாம், லிட்மஸாம். யார் கேட்கப்போகிறார்கள்?

நைனா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் அவர் கை வேலை செய்யாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

பின்கட்டில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அண்ணி ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு வந்தார். வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. மட்டையை நனைத்தார்.

"என்னம்மா பண்றே?" என்றார் நைனா.

"பழையபடி வெள்ள அடிச்சுடறேன் மாமா. அவுங்க வர்றதுக்குள்ள முடிச்சுடலாம். எனக்குக் கலரு வேணாம்."

அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்து அவர் தனக்கென்று கேட்டது ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு விஷயம். அதையும் யாரும் சொல்லாமலே தானாகத் திருப்பிக் கொடுக்க நிற்கிறார். நாங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும். அவரே அடித்து, அவரே துடைத்து, அவரே மறந்ததாகக் காட்டிக்கொண்டு, மத்தியானம் எங்களுக்குச் சோறும் போட்டுவிடுவார். இனிமேல் எந்தக் காலத்திலும் எதையும் கேட்கமாட்டார்.

நைனா எழுந்தார்.

"மட்டையக் கீழ வை."

"இல்ல மாமா..."

"வைம்மா கீழ."

ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். நைனா சட்டை போடுவது கல்யாணத்துக்கும் கோயிலுக்கும்தான். பொத்தானைப் பூட்டிக்கொண்டே தெருவில் இறங்கிப் போய்விட்டார். எங்கே என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

அவர் போன கொஞ்ச நேரத்தில் கணக்குப்பிள்ளை வந்து சேர்ந்தார். முன்கட்டில் பாய் விரித்தோம். அண்ணன் நூல் மூட்டையைக் கொண்டுவந்து வைத்தான். அவர் மூட்டையைப் பார்க்கவில்லை. கூடத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். மோரைக் குடித்துக்கொண்டே பார்த்தார்.

கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்போதுதான் நைனா படியேறி வந்தார். இரண்டு கையிலும் கலர்ப் பொட்டலங்கள். துணியில் சுற்றவில்லை, பையில் போடவில்லை. பெயிண்டுக் கடைக்காரர் கொடுத்தது கொடுத்தபடி, படம் போட்ட பொட்டலங்கள், ஊருக்கே தெரிகிற மாதிரி.

கணக்குப்பிள்ளைக்கு வாய் திறந்துகொண்டது. "என்ன பெரியவரே, நீங்களே வெளியில கலரு வாங்கறதா?"

"சுவத்துக்கு நான் போட்டது நிக்கலீங்க" என்றார் நைனா. "அது எனக்குத் தெரியாத வேலை. பட்டுல நிக்குதான்னு பாத்துட்டு எடுத்துக்கினு போங்க."

இவ்வளவையும் சாதாரணமாகச் சொன்னார். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. ஆனால் எனக்குத் தெரியும், 'தெரியாது' என்ற வார்த்தை கடைக்காரர்கள் முன்னால் நைனா வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

கணக்குப்பிள்ளை மூட்டையிலிருந்து ஒரு பச்சைச் சிட்டத்தை உருவினார். மோர் தம்ளருக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீரில் நனைத்தார். தன் வெள்ளை வேட்டியின் ஓரத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தார். எல்லோரும் வேட்டியைப் பார்த்தோம். வேட்டி வேட்டியாகவே இருந்தது. ஒரு சிவப்பு எடுத்தார், தேய்த்தார். அதுவும் அப்படியே.

மூட்டையைக் கட்டச் சொன்னார். போகும்போது நிலைவாசலில் நின்று, "உங்க சுவத்துக்கு யாரும் தாலி கட்டப் போறதில்ல, விடுங்க பெரியவரே" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. இன்னொரு தம்ளர் மோர் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது.

அன்று மத்தியானம்தான் மல்லிகா அக்கா சொல்லித் தெரிந்தது. நைனா பொட்டலங்களோடு வரும்போது தெருவில் நாலைந்து பேர் வழிமறித்தார்களாம். என்ன பெரியவரே, கடையில் கலரா, என்று கேட்டார்களாம். எல்லோருக்கும் அவர் ஒரே பதில்தான் சொன்னாராம்.

"எம் மருமவ கேட்டுச்சு."

படித்த பெண்களுக்கு ஒரு குறை உண்டு. நன்றி சொல்லவேண்டும் என்றால் நமக்கு வாக்கியம் வேண்டும். நானும் நிரந்தர வேலை கிடைத்ததிலிருந்து அண்ணிக்குச் சொல்ல ஒரு நல்ல வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பக்கமே போகாத நைனா மூன்று வார்த்தையில் தெருவுக்கே சொல்லி முடித்துவிட்டார்.

அதோடு முடியவில்லை. பொட்டலத்துக் கலரைக் கரைத்துப் பார்த்ததும் நைனா முகம் சுளித்தார். பச்சை, கடுக்காய்த் தண்ணீரில் விழுந்த பச்சை மாதிரி மங்கி இருந்தது. கனகாம்பரம் கண்ணைக் குத்தியது. ஆனால் இந்தத் தடவை தொட்டியை நம்பவில்லை. பின்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை அடித்தார். காயவிட்டார். அண்ணி அன்று பிடித்துக் காட்டின இரண்டு சிட்டங்களையும் கொண்டுவரச் சொல்லி, காய்ந்த பட்டைமேல் வைத்தார்.

"எப்படிம்மா இருக்குது?"

அண்ணி வழக்கம்போல நன்றாக இருக்கிறது என்றார்.

"எனக்காவச் சொல்லாத. நூலப் பாத்துச் சொல்லு."

அண்ணி நூலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இன்னும் கொஞ்சம் மஞ்ச வேணும் மாமா" என்றார்.

நைனா மஞ்சள் சேர்த்தார். இன்னொரு பட்டை. காய்ந்தது. இன்னும் கொஞ்சம். இன்னொரு பட்டை. இப்போது அதிகமாகிவிட்டது. எந்தக் கடை முதலாளி நிறத்தில் குறை சொன்னாலும் நூலைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்வரச் சொல்லுகிற மனிதர், மருமகள் சொல்லச்சொல்ல பின்சுவர் பூராவும் பட்டை பட்டையாக அடித்துக்கொண்டே போனார். கடைசியில் அண்ணிக்குக் கூச்சம் போயே போய்விட்டது. "அய்ய, அது வேணாம் மாமா, அதுக்கு முன்ன போட்டதுதான்" என்று அதட்டவே ஆரம்பித்துவிட்டார். அண்ணன் ஏணிமேல் உட்கார்ந்துகொண்டு, "எங்கிட்டப் பேசற மாதிரியே பேசறா நைனா, ஜாக்கிரதை" என்றான்.

போகிக்கு முதல்நாள் கூடம் முடிந்தது. கிளிப்பச்சைச் சுவர். கீழேயும் மேலேயும் கனகாம்பரக் கரை. அண்ணன் பயந்த வெள்ளைக் கோடு எங்கேயும் இல்லை. காய்ந்த பிறகும், மறுநாள் காலையிலும், அதற்கு மறுநாளும் அது அப்படியே இருந்தது. நாங்கள் எல்லோரும் எழுந்ததும் முதல் வேலையாக ஓடிப்போய்ப் பார்த்தோம் என்பதை ஏன் மறைக்கவேண்டும்?

வாசகர்கள் சிலர் வீட்டை அழகுபடுத்துவது பற்றி எழுதக்கூடாதா என்று கேட்டிருந்தீர்கள். எழுதிவிட்டேன். இந்த நிறத்துக்கு இந்தத் திரை, இந்த மூலைக்கு இந்தப் பூஜாடி என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. உங்கள் வீட்டில் இதுவரை ஒன்றுமே கேட்காத ஒருவர் இருப்பார். அவரிடம் என்ன நிறம் பிடிக்கும் என்று கேளுங்கள். 'எதுவானாலும் சரி' என்பார். விடாதீர்கள்.

பொங்கலன்று மத்தியானம் பள்ளிக்கூடத் தோழி வீட்டிலிருந்து திரும்பி வந்தேன். அடுப்படியில் சத்தமே இல்லை. அண்ணி கூடத்தின் நடுவில், சுவருக்கு எதிராகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் நூல் இல்லை, முறம் இல்லை, செல்வி இல்லை. கை இரண்டும் சும்மா கிடந்தன.

எனக்குப் பயமாகிவிட்டது. உடம்புக்கு என்ன அண்ணி என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லமா. பாத்துக்கினு இருக்கேன்."

நான் சத்தம் செய்யாமல் அடுப்படிக்குப் போனேன். அன்றைக்குச் சோறு வைத்தது நான்தான். குழைந்துவிட்டது. விஞ்ஞான டீச்சருக்குத் தண்ணீர் அளவு தெரியவில்லை என்று அண்ணன்கூடச் சொல்லவில்லை!